மணம் வேறு, நெடி வேறு

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஏறி வந்து பஃபலோ சாலையில் கால் வைத்ததும் முதலில் மூக்குக்கு வருவது கொத்தமல்லி, கறிவேப்பிலையின் ஈரம். நாலு எட்டு வைத்தால் பூக்கட்டுகிறவரின் மேசை, அதன் மேல் சுருட்டி வைத்த மல்லிகைச் சரம். தேக்கா ஈரச்சந்தைப் பக்கம் திரும்பினால் மீன் கவிச்சி. தரை கழுவுகிற நேரமானால் அதற்கு மேல் குளோரின். சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது ஏதோ ஒரு லாரி விட்டுப்போன டீசல் புகை, அப்புறம் சாம்பிராணி, அப்புறம் ஒரு கடை வாசலில் யாரோ யார் மீதோ அடித்துக் காட்டும் சென்ட். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். வீடு போய்ச் சேர்வதற்குள் இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கத் தொடங்கியிருக்கும். டாக்டர் கேட்பார்: “எந்த வாசனை?” இருபது வருடமாக எனக்குப் பதில் தெரியாத கேள்வி அது.

தெரியாமல் போனதற்கு என் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை, கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஒற்றைத் தலைவலி சிங்கப்பூரில் அபூர்வமான நோயில்லை. 2003-இல் வெளியான இங்குள்ள சமூக ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய 9 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. ஒரு எம்ஆர்டி பெட்டியில் நூறு பேர் நின்றால் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு வாசனை ஆகாது? வெளிநாட்டுக் கணக்குகள் உண்டு. 2007-இல் கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1,207 நோயாளிகளிடம் விசாரித்தபோது மனஉளைச்சல்தான் முதலிடம் பிடித்தது, ஏறக்குறைய 80 விழுக்காடு. பட்டினி, பருவமாற்றம், தூக்கக் கேடு என்று போகும் அந்த வரிசையில் சென்ட், வாசனை என்று சொன்னவர்கள் 43.7 விழுக்காட்டினர். புகையென்று தனியாகச் சொன்னவர்கள் 35.7. பிரேசிலில் 2014-இல் வெளியான ஆய்வு இன்னும் குறிப்பானது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 200 பேர், சாதாரண இறுக்கத் தலைவலிக்காரர்கள் 200 பேர். முதல் கூட்டத்தில் 70 விழுக்காட்டினருக்கு வாசனையால் வலி கிளம்பியது. இரண்டாம் கூட்டத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. சென்ட், பெயின்ட், பெட்ரோல், பிளீச் என்று போனது அவர்கள் சொன்ன பட்டியல். வாசனை பட்டதிலிருந்து வலி வரச் சராசரியாக 25 நிமிடம் பிடித்ததாம். தேக்காவிலிருந்து என் வீட்டுக்கு ரயிலில் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். முதல் முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. இவையெல்லாம் நோயாளி சொல்லக் கேட்டு எழுதிய கணக்குகள். தலைவலி வந்தவன் பின்னோக்கிப் போய்க் குற்றவாளி தேடுவான். மூக்கில் பட்டது எதுவோ அதுதான் முதலில் அகப்படும். டென்மார்க்கில் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். வெளிச்சமும் கடும் உடற்பயிற்சியும்தான் எங்களுக்கு ஆகாது என்று அடித்துச் சொன்ன 27 பேரை அழைத்து, அதையே கொடுத்துப் பார்த்தார்கள். ஒளிவட்டத்தோடு கூடிய ஒற்றைத் தலைவலி வந்தது மூன்று பேருக்கு மட்டும். வாசனையை அவர்கள் சோதிக்கவில்லை. ஆனாலும் “எனக்குத் தெரியும், இதுதான் காரணம்” என்ற நம் உறுதியின் மேல் அது ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனது.

இங்கே தமிழ் கை கொடுக்கிறது. மூக்கில் படுவதற்கெல்லாம் நம்மிடம் ஒரே சொல் கிடையாது. மல்லிகைக்கு மணம். மீனுக்குக் கவிச்சி, ஆட்டுக்கிடைக்கு முடை, மழைக்கு மண்வாசம். மிளகாய் வறுக்கும்போது வருவதை யாரும் மணம் என்று சொல்வதில்லை, அது நெடி. பினாயில் நெடி, பெயின்ட் நெடி, அம்மோனியா நெடி. நெடி “ஏறும்”, மணம் “வீசும்”. மணத்தை முகர்கிறோம், நெடியோ நம்மைக் கேட்காமல் மூக்குத்தண்டில் குத்தி, கண்ணில் நீர் வரவைத்து, தொண்டையைக் கமறச் செய்கிறது. (நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது, இன்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. நெடி மட்டும் இடம் மாறவில்லை.)

உடற்கூறும் இதையே சொல்கிறது. மூக்குக்குள் இரண்டு நரம்புகள் வேலை செய்கின்றன. மணத்தை அறிவது முதலாம் மூளை நரம்பு. குத்தலையும் எரிச்சலையும் குளிர்ச்சியையும் அறிவது ஐந்தாம் மூளை நரம்பு, முகம் முழுக்கப் பரவியிருக்கும் முப்பிரிவு நரம்பு. சளி பிடித்து மணமே தெரியாமல் போனவனுக்கும் வெங்காயம் கண்ணைக் கரிக்கும், ஏனென்றால் அது வேறு நரம்பின் வேலை. மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் அதன் ரத்தக்குழாய்களுக்கும் வலி உணர்வைக் கொண்டுபோவதும் இதே ஐந்தாம் நரம்புதான். ஒற்றைத் தலைவலி அரங்கேறும் மேடை அது. நெடி ஏறுகிற வழியும் வலி எழுகிற வழியும் ஒரே வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் போல.

இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மரம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ஒருவகைப் பிரிஞ்சி இலை மரத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பட்டப்பெயரே தலைவலி மரம். அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் தலை வலிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வாளர்கள் இலையிலுள்ள அம்பெல்லுலோன் என்ற பொருளைப் பிரித்து ஆராய்ந்து, அது ஐந்தாம் நரம்பின் நுனியிலுள்ள டிஆர்பிஏ1 என்னும் வாங்கியைத் தட்டி எழுப்புவதை 2012-இல் வெளியிட்டார்கள். தட்டினால் நரம்பு சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கைக் கக்குகிறது, மூளையுறையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதற்குச் சற்று முன்பு அமெரிக்காவில் எலிகளின் மூக்கில் இதே வாங்கியை எழுப்பும் எரிச்சல் பொருள்களை விட்டுப் பார்த்ததில், மூக்கில் பட்டதற்கு மூளையுறையில் ரத்த ஓட்டம் கூடியது தெரிந்திருந்தது.

டிஆர்பிஏ1-ஐ எழுப்பும் பொருள்களின் பட்டியலைப் படித்தால் சிங்கப்பூரின் ஒரு நாளைப் படித்த மாதிரி இருக்கும். சிகரெட்டிலும் விறகிலும் டீசல் புகையிலும் அக்ரோலீன். ஒட்டுப்பலகை அலமாரியிலும் சில பெயின்ட்களிலும் ஃபார்மால்டிஹைட். பிளீச்சிலிருந்து வரும் குளோரின் சேர்மங்கள். கடுகின் காரம்கூட அதில் உண்டு. கடைசியில் அந்த சிஜிஆர்பிதான் இன்றைய புதிய மருந்துகளின் குறி. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் ஊசி அதன் வாங்கியை அடைக்கிறது. ஆக நெடியைப் பொறுத்தவரை நோயாளி கற்பனை செய்யவில்லை. கம்பியும் இணைப்பும் தெளிவாக இருக்கின்றன.

மல்லிகை?

மல்லிகை குத்துவதில்லை, கரிப்பதில்லை. ஆனாலும் பெண்கள் பலர், “பூ வச்சா எனக்கு மண்டையிடி” என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மணம் என்னும் இந்தப் பாதியில்தான் விஷயம் வழுக்குகிறது. ஜெர்மனியில் 2011-இல் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ரோஜா மணத்தைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். வலியில்லாத நாள்களில் அவர்கள் மூளைக்கும் மற்றவர் மூளைக்கும் வித்தியாசம் தென்படவில்லை. வலி நடக்கும்போது கொடுத்தால் மட்டும் உணர்ச்சிப் பகுதிகளும் மூளைத்தண்டும் கொதித்தன. அதே ரோஜா, அதே மூக்கு; மாறியிருந்தது நாள். 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு, வலி தொடங்குவதற்கு முன்பே மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் விழித்துக்கொள்வதைக் காட்டியது. அந்த முன்னறிவிப்பு நேரத்தில் கொட்டாவி வரும், கழுத்து பிடிக்கும், எதையாவது தின்னத் தோன்றும், வெளிச்சம் கூசும். வாசனையும் கூசும்.

அப்படியானால் பூக்கடையைக் கடக்கும்போது மல்லிகை பொறுக்க முடியாமல் போனது தாக்குதலின் காரணமா, முதல் அறிகுறியா? பல சமயம் அறிகுறிதான் என்பது என் கணிப்பு. வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. நாம் கேட்டது அதன் ஹாரன். வாசனை வெறுப்பு ஒற்றைத் தலைவலிக்கே உரிய அடையாளமாக இவ்வளவு துல்லியமாக இருந்தும், 2018-இன் சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் வெளிச்சமும் சத்தமும் குமட்டலும் முக்கிய வரையறைக்குள் இருக்கின்றன, வாசனை வெளியே நிற்கிறது. மூக்குக்கு வரிசையில் எப்போதும் கடைசி இடம்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சாட்சியம் இந்தப் பாதிக்கு உண்டு. மும்பை நரம்பியலாளர் ரவிசங்கர் 2006-இல் எழுதிய கட்டுரை. தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிறது என்று சொன்ன 94 இந்திய நோயாளிகளைப் பற்றியது. நீண்ட ஈரக் கூந்தலா, குளிர்ச்சியா, காயவைக்கும் நேரமா என்று யோசிக்க வைக்கும் ஆய்வு. எண்ணெயும் சீயக்காயும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்த நம் வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்கை நினைத்துப் பாருங்கள். அதில் மூக்குக்கு எத்தனை பங்கு, ஈரத்துக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கவே முடியாது. வாழ்க்கையில் தூண்டுதல்கள் தனித்தனிப் பாட்டிலில் வருவதில்லை. பட்டினி கிடந்த நாளில், தூக்கம் கெட்ட நாளில், மாதவிலக்குக்கு முந்தின நாளில் வரும் சென்டுக்கும், நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட நாளில் வரும் சென்டுக்கும் ஒரே பலன் இல்லை.

தைலத்தையும் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூர் போய் வந்தவர் பெட்டியைத் திறந்தால் சீமைத்துணி, டார்ச்லைட்டோடு கோடாலித் தைலம் இருந்தே தீரும் என்பது தஞ்சை, புதுக்கோட்டை வீடுகளின் நெடுநாள் வழக்கம். 1928-இல் லியூங் யுன் சீ இங்கே தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. அதற்கு 35 வருடம் முன்பே, 1893-இல், காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனைக் கொண்டுவந்துவிட்டார். பின்னால் அது சென்னைக்கு வந்தது. இரண்டுமே நெடியை நெடியால் வெட்டும் சாமான். வேடிக்கை என்னவென்றால் அதில் விஷயம் இருக்கிறது. மென்தால் குளிர்ச்சி வாங்கியைத் தொடுகிறது. கற்பூரம், மேலே சொன்ன அதே டிஆர்பிஏ1 வாங்கியை அடைப்பதாகச் சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். இறுக்கத் தலைவலிக்குப் புலித்தைலத்தைப் போலி மருந்தோடும் பாரசிட்டமாலோடும் ஒப்பிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1996-இல் வந்தது. தைலம் மாத்திரைக்குத் தோற்கவில்லை. ஒற்றைத் தலைவலிக்கு நெற்றியில் தடவும் மென்தால் கரைசலை ஈரானில் சோதித்தார்கள், அங்கும் பலன் தெரிந்தது. இன்னொரு பக்கம், கற்பூரமும் யூகலிப்டஸும் சேர்ந்த தைலங்களும் பற்பசைகளும் சிலருக்குத் தலைவலியையும் வலிப்பையுமே கிளப்புகின்றன என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி நரம்பியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டி கைப்பையிலிருந்து எடுக்கும் பச்சைப் பாட்டில் பக்கத்து இருக்கைக்காரருக்கு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்.

இனி ஊர். சிங்கப்பூர் அரசு நெடியைக் கண்டால் சட்டம் போடும். திரையரங்குகளில் புகைபிடிக்க 1970-லேயே தடை. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் 2019 ஜனவரி 1 முதல் புகையில்லாப் பகுதி. ஃபார்மால்டிஹைட் எடையில் 0.01 விழுக்காட்டை எட்டும் உட்புற பெயின்ட்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் தடை. புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குச் சாவி வாங்கி, அலமாரி அடித்து, பெயின்ட் காய்வதற்குள் பால் காய்ச்சிக் குடியேறி, முதல் வாரமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இளந்தம்பதிகள் இந்தக் கடைசி விதியின் அருமையை அறிவார்கள்.

சட்டம் எட்டாத நெடிகளும் உண்டு. 2013 ஜூன் 21 நண்பகலில் காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டது. சுமத்ராவின் எரியும் காடு தேக்கா வரைக்கும் வந்து நின்ற நாள்கள் அவை. மறு ஆண்டே எல்லை தாண்டிய புகைமூட்டத்துக்குச் சட்டம் வந்தது, காற்றுக்குத்தான் கடவுச்சீட்டு கிடையாது. 2019 மார்ச்சில் ஜோகூரின் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள்; ஆயிரக்கணக்கானோர் மூச்சுமுட்டல், வாந்தி என்று மருத்துவமனைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நீரிணைக்கு இந்தப் பக்கம் பொங்கோல்வாசிகள் தொழிற்சாலை நெடி வருகிறது என்று முறையிட்ட சந்தர்ப்பங்கள் பல. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலை இடித்து, சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நடைபயிலப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

வீட்டு வாசலுக்குள் வந்தால் சட்டம் தயங்குகிறது. 2020 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங், வீட்டு ஜன்னலோரத்திலும் மாடத்திலும் புகைபிடிப்பதைத் தடை செய்யலாம் என்று மன்றத்தில் பேசினார். வீடு தனிமனித இடம் என்று காரணம் சொல்லி அரசு அதற்கு ஒப்பவில்லை. சீனர்களின் பசித்த ஆவிகள் மாதத்தில் புளோக்குக்குக் கீழே எரியும் காகிதத்துக்கும், எதிர்வீட்டு ஊதுபத்திக்கும், காரிடாரில் வறுபடும் சம்பாலுக்கும் இதே கதைதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலு இனம் ஒரே மாடியில் குடியிருக்கும் ஊரில் ஒருவன் பக்தி இன்னொருவன் நெடி. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் அலுவலகங்களும் பள்ளிகளும் வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் இருபது வருடங்களுக்கு மேலாக உண்டு. அதைத் தேக்காவில் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறவரை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்த ஊரில் நெடிக்கு மிக நெருக்கத்தில் வாழ்கிறவர்கள் ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையை நிறைக்கும் ஊழியர்கள். துவாஸ் சிப்யார்டுகளில் கப்பல் வயிற்றுக்குள் இறங்கி பெயின்ட் அடிப்பவர், கட்டுமானத் தளத்தில் நீர்க்கசிவுப் பூச்சு பூசுபவர், தின்னரில் கை கழுவுபவர். தின்னரில் இருப்பவை டொலுவீன், சைலீன் போன்றவை. மூடிய இடத்தில் அவை யாருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் கொடுக்கும். ஒற்றைத் தலைவலிக்காரனுக்கு அது தொடக்கம் மட்டுமே. மூடிய இடங்களுக்கென்று 2009-இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. உள்ளே இறங்குமுன் வாயு மீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும். உயிர்வாயு போதுமா, தீப்பிடிக்குமா, நச்சு இருக்கிறதா என்று மீட்டர் சொல்லும். இறங்குகிற ஆளின் மண்டைக்குள் என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

சிப்யார்டில் பெயின்டராக இருக்கும் நண்பர் ஒருவர், திருவாரூர்ப் பக்கம், ஒருநாள் கோப்பிக் கடையில் விளக்கினார். “அண்ணே, கை வெட்டுப்பட்டா ரத்தம் தெரியும், எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைக்கும். தலைவலிக்கு எதைக் காட்டுறது? ரெண்டு தடவை எம்சி எடுத்தா மூணாவது தடவை சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்க முடியாது.” வலிக்கிற நாளில் அவர் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார். வாரத்தில் மூன்று நாள் அப்படி. வலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கும் என்பது அவருக்குத் தெரியாது, நான் சொன்னபோது, “அப்ப வேற என்ன பண்றது?” என்றார். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முகமூடி போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. தின்னருக்குக் கரிவடிகட்டி உள்ள சுவாசக்கவசம் வேண்டும். என்95-ம் தூசுக்குத்தான். அதிலும் ஒரு சங்கடம்: 2020-இல் சிங்கப்பூர் மருத்துவப் பணியாளர்கள் 158 பேரிடம் நடந்த ஆய்வில், பாதுகாப்புக் கவசம் அணிந்ததாலேயே புதிதாகத் தலைவலி வந்தவர்கள் 128 பேர். ஏற்கெனவே தலைவலிக்காரர்களாக இருந்தவர்களுக்கு அபாயம் கூடுதல். மூக்கைக் காக்கப் போய் நெற்றிப்பட்டை வாரினால் வலி வாங்கிக்கொள்கிறோம்.

எல்லா வாசனையையும் விட்டு ஓடுவதும் வழியாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலிய உளவியலாளர் பால் மார்ட்டினின் குழு தலைவலிக்காரர்களைப் பிரித்து, சிலருக்குத் தூண்டுதல்களைத் தவிர்க்கவும் சிலருக்கு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிப் பழகவும் கற்றுக்கொடுத்தது. 2014-இல் வெளியான முடிவில், பழகக் கற்றவர்களே தவிர்த்தவர்களைவிட நல்ல பலன் கண்டார்கள். ஓடஓட மூளை இன்னும் பயந்த மூளையாகிறது போலும். இதை மணத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், நெடிக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். தின்னருக்குப் பழகு என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. அங்கே காற்றோட்டமும் கவசமும் முதலாளியின் பொறுப்பு. அதைவிட முக்கியம்: ஒரே அறையில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அதை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை தேடக்கூடாது. ஆவியோ, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடோ இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது வெளியே வருவது.

நண்பருக்கு நான் கடைசியில் சொன்ன பதில் சின்னது. வலி வந்த நாளில் மட்டும் எழுதாமல், தின்னர் பட்டும் வலி வராத நாளையும் போனில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், எந்தத் தொட்டிக்குள் இறங்கினீர்கள் என்றும் போடுங்கள். இரண்டு மாதக் குறிப்போடு பலதுறை மருந்தகத்துக்குப் போனால் டாக்டருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். ரத்தம் இல்லாவிட்டால் தேதியாவது.

நானும் அப்படி எழுதித்தான் என் மல்லிகையைக் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஃபலோ சாலையில் ஒரு முழம் வாங்குவது வழக்கம். பூக்கார அக்கா வாழை இலைத் துண்டில் வைத்து நீட்டுவார். வாங்கியதும் முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பேன். பெரும்பாலான வெள்ளிகளில் அது மணக்கிறது. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். சில வெள்ளிகளில் அதே பூ நெடியடிக்கும். அன்றைக்குப் பூவை அக்காவிடமே திருப்பிக் கொடுத்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கி மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். இன்னும் வலி தொடங்கியிருக்காது. “என்ன தம்பி, இன்னிக்குத் தலைவலி நாளா?” என்று முடிச்சுப் போட்டபடியே கேட்பார் அக்கா.